மேலே தொட்டி, கீழே குழாய்: கடினப்பாறையில் நிலத்தடி நீர் தங்குவதும் நகர்வதும்

போர் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை அடியில் தண்ணி?" என்றுதான். ஆழம் என்கிற ஒரே எண்ணில் எல்லாம் அடங்கிவிடும் என்ற எண்ணம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. நிலத்துக்கு இரண்டு குணங்கள் உண்டு. எவ்வளவு தண்ணீரைத் தேக்கி வைக்கும் என்பது ஒன்று, தேங்கியதை எவ்வளவு வேகமாக நகரவிடும் என்பது மற்றொன்று. இவை இரண்டும் பயன்படும் அளவுக்குச் சேர்ந்திருக்கும் மண் அடுக்கையோ பாறை அடுக்கையோ நீர்த்தாங்கி என்கிறோம்.

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப்பாறை. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், தர்மபுரி, மதுரை எல்லாம் சார்னோக்கைட், நைஸ், கிரானைட் வகைப் பாறைகள் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. இந்தப் பகுதிகளில் மேற்சொன்ன இரண்டு குணங்களும் ஒரே ஆழத்தில் அமைவதில்லை. தண்ணீர் தேங்கும் இடம் மேலே, வேகமாக ஓடும் வழி கீழே. ஆயிரம் அடி போர் ஏன் இரண்டே வருஷத்தில் வறண்டுபோகிறது என்பதற்கு விடை இந்த அமைப்பில் இருக்கிறது.

இடம் இருந்தால் போதாது, வழியும் வேண்டும்

பத்து லிட்டர் வாளியில் காய்ந்த ஆற்று மணலை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால், மணலின் இடுக்குகளில் மூன்று, மூன்றரை லிட்டர் வரை போய் உட்காரும். அதே அளவு களிமண்ணில் இடுக்குகள் இன்னும் அதிகம், நான்கு லிட்டருக்கு மேலேயே ஏற்கும். இப்போது வாளியின் அடியில் ஓட்டை போட்டு வடியவிட்டால் மணலிலிருந்து இரண்டு லிட்டருக்கு மேல் வந்துவிடும். களிமண் அரை லிட்டர்கூடத் தராது. களியின் துகள்கள் மிகச் சிறியவை. அவற்றின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்ட தண்ணீரை ஈர்ப்பு விசையால் பிரித்தெடுக்க முடியாது. செடியின் வேர் அதில் கொஞ்சம் உறிஞ்சலாம், கிணற்றுக்கு அது வராது.

ஆகவே கணக்குக்கு உதவுவது மொத்த இடுக்கு அளவு அல்ல, வடிந்து கிடைக்கும் பங்கு. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீட்டு முறையில் மணற்பாங்கான வண்டலுக்கு 16 சதவீதம், களி கலந்த வண்டலுக்கு 6 சதவீதம், களி குறைந்த சிதைந்த பாறைக்கு 3 சதவீதம், களி மிகுந்த சிதைந்த பாறைக்கு 1.5 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கன மீட்டர் ஆற்றுப்படுகை 160 லிட்டர் தரும். கொங்கு நாட்டில் சரளை என்று சொல்லும் சிதைந்த பாறை 30 லிட்டர் தரும், களி சேர்ந்திருந்தால் 15 லிட்டர்.

நகர்வுக்கு வருவோம். பிரான்சின் திஜோன் நகரத்துக்குக் குடிநீர் அமைத்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாய்களில் தண்ணீர் விட்டு அளந்து 1856-இல் ஒரு விதியை வெளியிட்டார். இரண்டு இடங்களின் நீர்மட்ட வேறுபாடு கூடினால் ஓட்டம் கூடும், இடைப்பட்ட தூரம் கூடினால் குறையும், எஞ்சியதை அந்த மண்ணின் ஊடுருவு திறன், அதாவது தண்ணீருக்கு எவ்வளவு எளிதாக வழிவிடும் என்பது, தீர்மானிக்கும். உலகத்தில் பெரும்பாலான நீர்த்தாங்கிகளுக்கு இன்றைக்கும் இதுதான் அடிப்படை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊடுருவு திறன் நாளுக்கு 20 மீட்டர் உள்ள நல்ல மணல்; நீர்மட்டச் சரிவு ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர்; தண்ணீர் போகக்கூடிய இடுக்கு ஐந்தில் ஒரு பங்கு. 20-ஐ ஆயிரத்தால் வகுத்து, வந்ததை 0.2-ஆல் வகுத்தால் நாளுக்கு 10 சென்டிமீட்டர், வருஷத்துக்கு 36 மீட்டர். நல்ல மணலிலேயே வேகம் இவ்வளவுதான். நிலத்துக்கடியில் ஆறு பாய்கிறது என்று நீரோட்டம் பார்ப்பவர்கள் சொல்வதை இந்த எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும். சுண்ணாம்புப் பாறைக் குகைகளைத் தவிர மற்ற இடங்களில் அப்படி எதுவும் இல்லை. தண்ணீர் இடுக்கு இடுக்காக ஊர்ந்து போகிறது. நகரும் திசையை முடிவு செய்வது மேலே தெரியும் தரையின் சாய்வு அல்ல, நீர்மட்டத்தின் சாய்வு. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக இருக்கும். பக்கத்தில் பெரிய மோட்டார்கள் ஓடினால் மாறிவிடும்.

ரிக் வண்டியின் தூளில் தெரிவது

போர் ஓட்டும்போது வெளியே வரும் தூளைக் கவனித்தால் நிலத்தின் அடுக்குகள் வரிசையாகத் தெரியும். முதலில் செம்மண் அல்லது கரிசல், ஓரிரு மீட்டர். பிறகு பழுப்பு நிறச் சரளை, விரலால் நசுக்கினால் உடையும். வெயிலும் மழையும் பல லட்சம் ஆண்டுகளாகப் பாறையைச் சிதைத்ததால் உண்டான அடுக்கு இது. சில இடங்களில் ஐந்து மீட்டர், சில இடங்களில் இருபது, முப்பது மீட்டர் கனம் இருக்கும். அதைத் தாண்டியதும் தூள் சாம்பல் வெள்ளையாக மாறும். கெட்டிப் பாறை தொடங்கிவிட்டது. மேல் அடுக்கு சரியாமல் தடுக்கும் கேசிங் பைப்பை இந்த இடம் வரை இறக்குகிறார்கள். அதற்குக் கீழே காய்ந்த மாவுபோல் தூள் பறந்துகொண்டே இருக்கும். திடீரென்று தூள் அடங்கிச் சேறாக வந்தால் ஒரு பிளவை எட்டியிருக்கிறது. அப்போது வரும் சில்லுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். சில்லின் ஒரு முகத்தில் துருப்பிடித்ததுபோல் பழுப்புக் கறை இருந்தால், அந்தப் பிளவில் நெடுங்காலமாகத் தண்ணீர் நடமாடியிருக்கிறது. எல்லா முகமும் பளிச்சென்று புதிதாக இருந்தால் அது ரிக் உடைத்த கல், அவ்வளவுதான்.

இனி எந்த அடுக்கில் எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்போம். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அதற்கடியில் பத்து மீட்டர் சரளை முழுக்க நனைந்திருக்கிறது, 3 சதவீதம் வடியும் என்று வைத்தால், கிடைக்கும் தண்ணீர் ஏறக்குறைய 12 லட்சம் லிட்டர். அதற்குக் கீழே உள்ள கெட்டிப் பாறையில் ஒரு மில்லிமீட்டர் திறப்புள்ள பிளவு ஒன்று ஏக்கர் முழுவதும் பரவியிருந்தால் அதில் இருப்பது 4,000 லிட்டர். ஒரு சின்ன லாரித் தண்ணீர். அதுபோல் பத்துப் பிளவுகள் அடுக்கடுக்காக இருந்தாலும் 40,000 லிட்டரைத் தாண்டாது.

மேலே இருப்பது தொட்டி, கீழே இருப்பவை அதிலிருந்து இறங்கும் குழாய்கள். குழாயில் தண்ணீர் வேகமாக வரும், ஆனால் குழாய் தானாக எதையும் சேர்த்து வைக்காது. பிளவு சரளையோடு எங்காவது இணைந்திருந்தால் போர் உயிரோடு இருக்கும். இணைப்பு இல்லாவிட்டால், அல்லது மேலே தொட்டி காலியானால், முதல் மாதத்தில் கொட்டிய போர் ஆறாவது மாதத்தில் காற்றை இழுக்கும். ஆழம் போகப்போகப் பாறையின் பாரத்தால் பிளவுகள் இறுகுகின்றன, எண்ணிக்கையிலும் குறைகின்றன. 300 அடியில் கிடைக்காத தண்ணீர் 1,200 அடியில் கிடைத்த இடங்கள் உண்டு. ஆனால் அங்கே கிடைப்பதும் பெரும்பாலும் மேல் தொட்டியிலிருந்து வந்த பங்கே. இன்னொருவர் கிணற்றுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீராகவும் அது இருக்கும்.

பாறைக்குள் நெடுங்காலம் நின்ற தண்ணீருக்கு இன்னொரு கோளாறும் உண்டு. கிரானைட், நைஸ் பாறைகளில் உள்ள சில கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு மெல்லக் கரைந்து சேர்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் பற்களில் கறை படிவதற்குக் காரணம் அது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. புதிய ஆழ்துளைத் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கும் முன் இதைச் சோதித்தே ஆக வேண்டும். நிறத்திலும் சுவையிலும் ஃபுளோரைடு தெரியாது.

திறந்த கிணறு ஏன் அவ்வளவு அகலம்

ஆறரை அங்குல போர் ஒரு அடிக்குச் சுமார் ஆறரை லிட்டர் கொள்ளும். ஆயிரம் அடிக்கும் தண்ணீர் நிரம்பி நின்றாலும் 6,500 லிட்டர்தான். பத்து மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் ஒரே ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் 78,500 லிட்டர், அதாவது நிரம்பிய ஆயிரம் அடி போர் பன்னிரண்டுக்குச் சமம். கடினப்பாறைப் பகுதியில் முன்னோர்கள் கிணற்றை அகலமாக வெட்டியது காரணத்தோடுதான். சரளையிலிருந்து தண்ணீர் மெதுவாகத்தான் கசியும். இரவெல்லாம் கசிவதைச் சேர்த்து வைக்கக் கிணறே தொட்டியாக நின்றது. காலையில் இறைத்துவிட்டு மறுபடி ஊற விட்டார்கள். ஊற்றுக்கண் போதாதபோது அடியிலிருந்து பக்கவாட்டில் சைடு போர் அடிப்பதும் இந்தக் கசியும் பரப்பைக் கூட்டத்தான். இன்றைக்கு இந்தக் கிணறுகளைக் குப்பைக் குழிகளாக்குவது பெரிய இழப்பு. மழைநீரை உள்ளே விடுவதற்கு இதைவிட நல்ல அமைப்பைப் புதிதாகக் காசு கொடுத்துக் கட்ட முடியாது.

"ரெண்டு இஞ்சு தண்ணி" என்றால் எவ்வளவு?

போர் முடிந்ததும் வெளியேறும் தண்ணீரை வாய்க்காலில் விட்டு, 90 பாகை வி-நாட்ச் தகடு (V வடிவில் வெட்டிய தகடு) வழியாகப் பாயவைத்து, வெட்டின் அடிமுனையிலிருந்து தண்ணீரின் உயரத்தை அளக்கிறார்கள். ரிக்காரர் சொல்லும் இஞ்சு அந்த உயரம். இங்கே பலர் ஏமாறுவது இஞ்சு இரட்டித்தால் தண்ணீரும் இரட்டிக்கும் என்று நினைத்து. உயரம் இரட்டித்தால் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடுகிறது. ஒரு இஞ்சு என்பது நிமிஷத்துக்குச் சுமார் எட்டரை லிட்டர், ஒன்றரை இஞ்சு 23 லிட்டர், இரண்டு இஞ்சு 48 லிட்டர், மூன்று இஞ்சு 133 லிட்டர். அளவுகோலை அரை இஞ்சு தப்பாகப் பிடித்தாலும் கணக்கு பாதியாகிவிடும். தண்ணீர் தகட்டை நெருங்கும்போது வளைந்து தாழும். ஆகவே தகட்டின் மேலேயே அளக்காமல் கொஞ்சம் பின்னால், தண்ணீர் அமைதியாக நிற்கும் இடத்தில் அளக்க வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ரிக்கின் கம்ப்ரசர் காற்றால் தண்ணீரைத் தள்ளும் அந்த நேரத்தில் வருவது பிளவுகளில் ஏற்கெனவே தேங்கியிருந்த தண்ணீரும் சேர்த்துத்தான். தொடர்ந்து எவ்வளவு ஊறும் என்பதை அது சொல்லாது. மோட்டார் வாங்கும் முன் ஒரு சோதனை ஓட்டம் செய்வது நல்லது. தற்காலிக மோட்டார் இறக்கி, 200 லிட்டர் டிரம் எத்தனை நொடியில் நிறைகிறது என்று மணிக்கொரு முறை குறியுங்கள். போருக்குள் நீர்மட்டத்தையும் அதே நேரம் அளந்து எழுதுங்கள். மட்டம் ஓரிடத்தில் நிலைத்து நின்றால் அந்த வேகத்தில் ஊற்று ஈடுகொடுக்கிறது. இறங்கிக்கொண்டே போனால் வால்வைக் கொஞ்சம் அடைத்து வேகத்தைக் குறைத்து மறுபடி பாருங்கள். நிறுத்திய பிறகு மட்டம் ஏறும் வேகமும் முக்கியம். நான்கு மணி நேரம் ஓட்டி, எட்டு மணி நேரம் கழித்தும் பழைய இடத்துக்கு வரவில்லையென்றால் நாள் முழுக்க ஓட்டும் திட்டத்தைக் கைவிடுங்கள். மட்டம் பம்புக்குக் கீழே போனால் மோட்டார் தண்ணீரின்றி ஓடிச் சுருள் எரியும்.

மோட்டார் ஓடும்போது அந்தப் போரைச் சுற்றி நீர்மட்டம் புனல் வடிவில் பள்ளமாகிறது. நல்ல மணலில் இந்தப் பள்ளம் ஆழம் குறைந்து அகலமாக இருக்கும். இறுகிய பாறையில் ஆழமாகவும் செங்குத்தாகவும் இருக்கும். பிளவு எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் அது நீளும். அதனால்தான் ஐம்பது அடி தள்ளிய போருக்கு ஒன்றும் ஆகாமல், முந்நூறு அடி தள்ளிய போர் வற்றுவதும் நடக்கிறது. இரண்டும் ஒரே பிளவில் இருந்தால் தூரம் காப்பாற்றாது.

ஒரு வருஷத்து வரவு

வருஷ மழை 700 மில்லிமீட்டர், அதில் பத்தில் ஒரு பங்கு கீழே இறங்குகிறது என்று கொள்வோம்; கடினப்பாறைப் பகுதிக்கு இது பொருத்தமான மதிப்பு. இறங்குவது 70 மில்லிமீட்டர். வடிந்து கிடைக்கும் பங்கு 3 சதவீதம் என்பதால் நீர்மட்டம் ஏறுவது 2.3 மீட்டர். சரளையில் களி மிகுந்திருந்தால் அதே மழைக்கு நான்கரை மீட்டருக்கு மேல் ஏறும். கிணறு கிடுகிடுவென்று ஏறினால் நிறையத் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். பாத்திரம் சிறிது என்பதற்கும் அதுதான் அடையாளம், அதே வேகத்தில் இறங்கவும் செய்யும்.

அந்த 70 மில்லிமீட்டர் ஒரு ஏக்கருக்கு 2.83 லட்சம் லிட்டர். எழுபது தென்னைக்குச் சொட்டுநீரில் நாளுக்கு 65 லிட்டர் கொடுத்தால் 62 நாளில் தீர்ந்துவிடும். மீதி நாட்களுக்கு மழையின் மண் ஈரமும், ஏரி வாய்க்காலிலிருந்து கசிவதும், பாசன நீர் திரும்ப இறங்குவதும் கைகொடுக்க வேண்டும். கைகொடுக்காவிட்டால் முந்தைய வருஷங்களின் சேமிப்பிலிருந்துதான் எடுக்கிறோம்.

பாறை இல்லாத இடங்களில்

மணலும் களியும் மாறிமாறிப் படிந்த இடங்களில் நடப்பது வேறு. இரண்டு களி அடுக்குகளுக்கு நடுவே மணல் அடுக்கு சிக்கி, அது வெளியே தலைகாட்டும் மேட்டுப்பகுதியில் மழை இறங்கினால், தாழ்வான இடத்தில் அந்தத் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அப்படி ஒரு நீர்த்தாங்கி இருக்கிறது. அதன் அழுத்தம் சுரங்கத்தின் தரையையே மேலே தள்ளி உடைக்கக்கூடியது என்பதால், நிலக்கரி வெட்ட வேண்டுமானால் சுற்றிலும் ஆழ்குழாய்கள் வைத்துத் தண்ணீரை இடைவிடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்படி அடைபட்ட அடுக்குகளுக்கு நேர் மேலே ஏரி வெட்டினால் அவை நிறையாது, களி வழிவிடாது. மணல் வெளியே தெரியும் தொலைவிடத்தைக் காப்பாற்ற வேண்டும்.

கடற்கரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர்மேல் மிதக்கிறது. கடல்நீர் நல்ல தண்ணீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. ஆகவே கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். அந்த ஒரு அடியை இறைத்துவிட்டால் உப்பு நாற்பது அடி மேலே ஏறத் தொடங்கும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் பத்து கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புப் பாறையிலும் நல்ல தண்ணீர் இப்படித்தான் நிற்கிறது. கூடவே அங்கே கரைந்து உண்டான குகைகளும் வழிகளும் இருப்பதால் மழை சட்டென்று உள்ளே போகும், தோட்டத்து உரமும் மலக்குழிக் கழிவும் அதே வேகத்தில் கிணற்றுக்கு வந்துசேரும்.

திரும்பக் கொடுக்கும்போது கெடுவது

மழைநீரை நிலத்தடிக்கு இறக்கும் செறிவூட்டும் அமைப்புகள் தோற்பதற்கு முதல் காரணம் வண்டல். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய களிப் படலம் ஏரியின் தரையை அடைத்துவிடும். ஏரியில் கரம்பை (அடியில் படிந்த வண்டல்) எடுப்பதால் வயலுக்கு உரம் கிடைப்பதோடு, தரையின் துளைகளும் திறக்கின்றன. வெறும் பாறை மேல் கட்டிய தடுப்பணை எவ்வளவு நிரம்பினாலும் ஆவியாகத்தான் போகும். சரளை கனமாக உள்ள இடத்தில் கட்டினால் மட்டுமே பலன்.

வறண்ட போருக்குள் மழைநீரை விடுவதென்றால் கலங்கல் நீரை நேராக விடவே கூடாது. பிளவுகள் ஒருமுறை சேற்றால் அடைபட்டால் திறப்பது மிகக் கடினம். கேசிங்கைச் சுற்றி இரண்டு மீட்டர் நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டுங்கள். குழிக்குள் வரும் கேசிங் பகுதியின் அடிப்பாதியில் துளைகள் இட்டு நைலான் வலையை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். அடியில் பெரிய கல், அதன்மேல் 40 மில்லிமீட்டர் ஜல்லி, பிறகு 20 மில்லிமீட்டர் ஜல்லி, மேலே ஒன்றரை அடிக்குப் பருமணல். கேசிங்கின் வாயைத் தரைக்கு மேல் உயர்த்தி மூடிவிடுங்கள். வருஷா வருஷம் மழைக்கு முன் மேல்மணலில் இரண்டு அங்குலத்தைச் சுரண்டி எடுத்துப் புது மணல் போட வேண்டும். சாலைக் கழிவு, தொழுவக் கழிவு, பூச்சிமருந்து அடித்த வயலின் தண்ணீர் இதற்குள் வரக்கூடாது. குடிக்க எடுக்கும் போரில் இதைச் செய்யாதீர்கள்.

மட்டத்தை எழுதி வையுங்கள்

மாதம் ஒரு முறை, காலையில் மோட்டார் போடும் முன், கயிற்றில் எடை கட்டிக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து தேதியோடு குறித்தால் போதும். கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கழித்துத் தரையிலிருந்து உள்ள ஆழமாக எழுதுங்கள். மூன்று கிணறுகளில் அளந்து, கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவலால் அவற்றின் தரை உயரங்களையும் ஒப்பிட்டால், தண்ணீர் எந்தத் திசையில் நகர்கிறது என்றும் தெரியும்.

ஒரு வருஷக் குறிப்பு சேர்ந்ததும் மழைத் தேதிகளோடு வைத்துப் பாருங்கள். பெருமழைக்குப் பின் பத்து நாளுக்குள் மட்டம் ஏறியிருந்தால் உங்கள் கிணறு அருகிலுள்ள சரளையிலிருந்து ஊட்டம் பெறுகிறது; உங்கள் நிலத்தில் போடும் வரப்பும் குட்டையும் அடுத்த மழையிலேயே பலன் தரும். இரண்டு மூன்று மாதம் கழித்து மெல்ல ஏறினால் தண்ணீர் தொலைவிலிருந்து வருகிறது, அங்கே உள்ள ஏரியின் நிலையைப் போய்ப் பாருங்கள். ஏரி நிரம்பியும் போரின் மட்டம் அசையவேயில்லை என்றால் அந்தப் பிளவுக்கு மேலோடு தொடர்பில்லை. அந்தப் போரை இன்னும் ஆழமாக்கப் பணம் போட வேண்டாம்.